மூன்றாவது ஸ்லாட்

ஜனவரி 9

வாலு,

இந்த முகவரியை உன் கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கு நேரில் போய் வாங்கினேன். வரவேற்பில் இருந்த பெண், "நீங்க அவங்களுக்கு என்ன வேணும் சார்?" என்று கேட்டாள். அப்பா என்றேன். "அப்பாகிட்ட அட்ரஸ் இல்லையா?" என்றாள். எழுதிக்கொள்ளப் பேனா இருக்கிறதா என்று கேட்டேன்.

நீ மலையில் ரோடு வெட்டும் இடத்தில் சர்வே வேலை பார்க்கிறாய், அங்கே டவர் கிடையாது, வாரம் ஒரு முறை டீசல் லாரியில்தான் தபால் போகும் என்று அவள்தான் சொன்னாள். என் போனை எடுக்காமல் இருக்க இதைவிட வசதியான இடம் உனக்குக் கிடைத்திருக்காது. போகட்டும்.

நான் ரிட்டயர் ஆகி ஐந்து மாதம் ஆகிறது. முப்பத்திரண்டு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக ஓடியவன் பகல் முழுக்க வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். போன வாரம் நம் கட்டடத்து லிஃப்ட் இரண்டாவது மாடியில் நின்றுவிட்டது. வேறு கம்பெனி ஆள் வந்து பார்த்தான். நான் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன். ஒருவரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். உன் அறையில் இருக்கிற பழைய கம்ப்யூட்டரில் நீ விளையாடிக்கொண்டிருந்த விளையாட்டை நான் விளையாடிப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். ஆன் செய்தால் ஓடுகிறது. விளையாட்டைத் திறந்தால் மட்டும் திணறி நின்றுவிடுகிறது. என்னென்ன மாற்ற வேண்டும் என்று எழுது. புதிது வாங்க வழியில்லை. நாலு மாதம் மிச்சம் பிடித்தது கையில் இருக்கிறது, அதில் ஒரு சுமாரான சைக்கிள் வாங்கலாம், அவ்வளவுதான்.

அப்பா

ஜனவரி 26

அப்பா,

விளையாட்டு ஏன் ஓடவில்லை என்று உங்களுக்குத் தெரியாதா? அதில் கிராஃபிக்ஸ் கார்டு என்று ஒன்று இருந்தது. அம்மா போன நாலாம் நாள் நீங்கள்தான் அதைப் பிடுங்கிச் சுவரில் அடித்தீர்கள். கொக்கியை விடுவிக்காமல் இழுத்ததில் கொக்கியும் உடைந்தது. நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

அப்போது நீங்கள் சொன்னதும் மறக்கவில்லை. "நீ காதுல அதை மாட்டிக்கிட்டு உக்காராம இருந்திருந்தா அவ உயிரோட இருந்திருப்பா." அம்மா சமையலறையில் விழுந்து கிடந்தாள். நான் அடுத்த அறையில் ஹெட்போனோடு விளையாடிக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரம் கழித்துத் தண்ணீர் குடிக்கப் போனபோதுதான் பார்த்தேன். இந்த மூன்று வருஷமும் நீங்கள் சொன்னதை எனக்கு நானே தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன், உங்கள் குரலிலேயே.

அதனால் ஒரு நிபந்தனை. கம்ப்யூட்டரைப் பற்றிக் கேட்டால் பதில் எழுதுவேன். வீடு, உடம்பு, கல்யாணம், திரும்பி வா என்று வேறு எதை எழுதினாலும் பதில் வராது.

முதலில் தூசியை எடுங்கள். காய்ந்த பெயிண்ட் பிரஷ் போதும், ஈரத்துணி கூடவே கூடாது. பிறகு ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக வேகமான எஸ்எஸ்டி ஒன்று வாங்குங்கள். அதை மட்டும் புதிதாக வாங்கவேண்டும், மற்றதெல்லாம் செகண்ட் ஹேண்டில் போதும். ரேம் செருக அந்த மதர்போர்டில் இரண்டு ஸ்லாட்தான். ஒன்றில் நாலு ஜிபி இருக்கிறது, காலியாக இருப்பதில் எட்டு ஜிபி போடலாம். டிடிஆர் த்ரீ என்று கேட்டு வாங்குங்கள், அதற்குப் பிறகு வந்தது பொருந்தாது. கார்டு, தனியாகப் பவர் வயர் கேட்காத சின்னக் கார்டாக இருக்கட்டும். அதற்கு மேல் போனால் நம் பவர் சப்ளை தாங்காது.

எல்லாவற்றையும்விட முக்கியம், பழைய ஹார்டு டிஸ்க்கை யாரும் அழித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதிலிருப்பதை அப்படியே எஸ்எஸ்டிக்குக் காப்பி எடுக்கச் சொல்லுங்கள். நான் விளையாட்டை நிறுத்திய இடம் அதில்தான் இருக்கிறது.

பிப்ரவரி 8

வாலு,

நிபந்தனைக்குச் சம்மதம். இனி கம்ப்யூட்டர் தவிர வேறு பேச்சில்லை.

கம்ப்யூட்டர் இருக்கும் மேஜைக்கு மேலே கூரையில் ஈரம் படிந்திருக்கிறது. மேல்வீட்டுக் குழாய் ஒழுகுகிறது. நாலு தடவை சொல்லிவிட்டேன், அசைய மாட்டேன் என்கிறார்கள். மேஜையை ஜன்னல் பக்கம் தனியாகவே நகர்த்தினேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. இதெல்லாம் கம்ப்யூட்டரைப் பற்றியதுதான்.

தூசி எடுத்தேன். அதில் பாதி உன் தலைமுடி. சுருட்டிப் போட மனம் வராமல் ஒரு தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். இதுவும் கம்ப்யூட்டருக்குள்ளே இருந்ததுதான்.

செகண்ட் ஹேண்ட் கடை, பழைய தியேட்டருக்குப் பின்னால். ஒரு அம்மா நடத்துகிறார், கையில் எப்போதும் சால்டரிங் இரும்பு. நம் பெட்டியைப் பார்த்துவிட்டு, "சார், இது வீட்டுல இருந்ததா, மியூசியத்துல இருந்து எடுத்துட்டு வந்ததா?" என்றார். ஆனால் நல்ல மாதிரி. எஸ்எஸ்டி போட்டுக் காப்பியும் எடுத்துக் கொடுத்தார். பழைய டிஸ்க்கின் மேல் "கை வைக்கக் கூடாது" என்று பேப்பர் ஒட்டி எடுத்துப்போயிருந்தேன். அவர் சிரித்தார்.

ரேம் வாங்கியதில்தான் சொதப்பிவிட்டேன். வெளியே நடைபாதையில் மலிவாகக் கிடைத்ததே என்று வாங்கினேன். வீட்டுக்கு வந்து வைத்தால் நடுவில் இருக்கிற வெட்டு ஒத்துப்போகவில்லை. இதை எப்படி உள்ளே தள்ளுவது?

பின்பக்க விசிறியைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். காற்று உள்ளே போகவேண்டுமா, வெளியே வரவேண்டுமா?

அப்பா

பிப்ரவரி 22

அப்பா,

தள்ளாதீர்கள். தள்ளினால் மதர்போர்டு உடையும், உங்கள் சைக்கிள் கனவும் அதோடு சரி. நீங்கள் வாங்கியது டிடிஆர் ஃபோர். எழுதியிருந்தேன், நீங்கள் மலிவைப் பார்த்தீர்கள். அம்மாவும் இதைத்தான் சொல்லுவாள். திருப்பிக் கொடுக்க முடியாவிட்டால் அந்தக் கடைக்கார அம்மாவிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

பின்பக்க விசிறி சூட்டை வெளியே தள்ளவேண்டும். அதன் பக்கவாட்டில் சின்னதாக அம்புக்குறி இருக்கும், காற்று அந்தப் பக்கம்தான் போகும்.

மேஜையைத் தனியாக நகர்த்தாதீர்கள். கம்ப்யூட்டர் கீழே விழுந்துவிடும்.

மார்ச் 6

வாலு,

கடைக்கார அம்மா மாற்றிக் கொடுத்துவிட்டார், கொஞ்சம் பணம் கூடப் போட்டுத் தந்தேன். எட்டு ஜிபி பொருந்திவிட்டது. கார்டும் வந்தாயிற்று. சின்னது, என் உள்ளங்கையைவிடக் கொஞ்சம்தான் பெரிது. உடைந்த கொக்கிக்குப் பதிலாக ஒரு கம்பியை வளைத்துப் பிடிப்பு கொடுத்திருக்கிறேன். அசைத்துப் பார்த்தேன், ஆடவில்லை. உடைத்தவன் நான், கம்பி கட்டுவதும் நான்தானே. இது கம்ப்யூட்டரைப் பற்றியதுதான்.

ஆனால் ஆன் செய்தால் திரை கறுப்பாகவே நிற்கிறது. விசிறி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, படம் மட்டும் வரவில்லை. என்ன செய்ய?

அங்கே கரண்ட் எப்படி? ஒரு கம்ப்யூட்டர் ஓடும் அளவுக்கு வருமா என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

அப்பா

மார்ச் 20

அப்பா,

மானிட்டர் வயரைப் பழைய இடத்திலேயே சொருகியிருக்கிறீர்கள். கழற்றி, புதுக் கார்டின் பின்னால் இருக்கும் இடத்தில் சொருகுங்கள். எல்லோரும் செய்யும் தப்புதான் இது.

இங்கே ஜெனரேட்டர் மாலை ஆறிலிருந்து ஒன்பது வரை. தகர அறை, ஒரு கட்டில், ஒரு மேஜை, சர்வே கருவி வைக்க ஒரு மூலை. சமைக்கும் அக்காவையும் என்னையும் தவிர எல்லோரும் ஆண்கள். அக்காவுக்குக் காது மந்தம். அதனால் நான் பேசுவது குறைந்துவிட்டது. போன வாரம் லாரி டிரைவர், "உங்க குரலை இன்னைக்குத்தான் கேக்கறேன்" என்றார். ஒரு கம்ப்யூட்டர் ஓடும் அளவுக்குக் கரண்ட் வரும். கேட்டீர்களே என்று எழுதினேன்.

ஏப்ரல் 3

வாலு,

படம் வந்துவிட்டது. நீ சொன்னது சரி. ஆனால் இன்னொரு கோளாறு. கடைக்கார அம்மா சும்மா கிடந்ததென்று நாலு ஜிபி ரேம் ஒன்று கொடுத்தார். அதை மூன்றாவது ஸ்லாட்டில் போட்டேன். போட்டதிலிருந்து கம்ப்யூட்டர் பீப் பீப் என்று கத்துகிறது. நிறுத்தினாலும் திரும்ப ஆன் செய்தால் கத்துகிறது. இதற்கு என்ன வழி? விவரமாக எழுது. அவசரமில்லை, ஆனால் விவரமாக எழுது.

அந்த அக்காவிடம் முகத்துக்கு நேராக நின்று, வாயை நன்றாகத் திறந்து பேசு. காது மந்தமானவர்கள் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார்கள். எங்கள் மோட்டார் ரூமில் நாங்களெல்லாம் அப்படித்தான் பேசிக்கொள்வோம். அந்தச் சத்தத்தில் வேறு வழி கிடையாது.

அப்பா

ஏப்ரல் 18

அப்பா,

மூன்றாவது ஸ்லாட்டில் போட்டதைக் கழற்றிவிடுங்கள். கத்துவது நின்றுவிடும். கழற்றும்போது இரண்டு விரலால் இரண்டு ஓரத்தையும் பிடித்து, நேராக மேலே எடுங்கள். எடுத்ததை ஒரு பேப்பரில் சுற்றி வையுங்கள், தூசி படக் கூடாது. விவரமாக எழுதிவிட்டேன் என்று நினைக்கிறேன்.

நீங்கள் சொன்ன மாதிரி அக்காவிடம் பேசிப் பார்த்தேன். "இத்தனை நாள் ஏன் முணுமுணுத்துக்கிட்டே இருந்தே?" என்று கேட்டார்.

மே 2

வாலு,

இது கம்ப்யூட்டரைப் பற்றிய கடிதம் இல்லை. நிபந்தனையை மீறுகிறேன். நீ பதில் போட வேண்டாம், கிழித்துப் போடாமல் கடைசி வரை படித்தால் போதும்.

விளையாட்டு ஓடுகிறது. எனக்கு விளையாட ஆசையெல்லாம் இல்லை. அன்றைக்கு உன் காதில் என்ன கேட்டுக்கொண்டிருந்தது என்று தெரிந்துகொள்ளத்தான் இத்தனை பாடும். நீ நிறுத்திய இடத்தைத் திறந்தேன். ஒரு ஏரிக்கரை. முதுகில் பையோடு ஒருத்தன் மழையில் நிற்கிறான். மூன்று வருஷமாக நனைந்துகொண்டிருக்கிறான், பாவம். உன் பழைய ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். பஞ்செல்லாம் உதிர்ந்து காது முழுக்கக் கறுப்பாயிற்று. இடது பக்கம் வேலை செய்யவில்லை. வலது பக்கம் மழை பெய்துகொண்டே இருந்தது. எதையும் அமுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் பக்கத்து வீட்டு அம்மா மாடிப்படியில் பிடித்துக்கொண்டார். "காலையில மூணு தடவை கதவைத் தட்டினேன், உள்ளேதான் இருந்தீங்களா? பயந்தே போயிட்டேன்" என்றார். எனக்குக் கேட்கவில்லை. ஒரு காது வேலை செய்யாத ஹெட்போனில், கதவுக்குப் பத்தடி தள்ளி உட்கார்ந்திருந்த எனக்கே கேட்கவில்லை.

இப்போது சொல்லவேண்டியதைச் சொல்கிறேன். அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நீ பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். "விழறதுக்கு முன்னாடியே இதயம் நின்னுடுச்சு. பக்கத்துல நீங்களே நின்னிருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது" என்றார். என்னிடம் மட்டும்தான் சொன்னார். உன்னிடம் சொல்லச் சொன்னார். நான் சொல்லவில்லை. நாலு நாள் கழித்து, அதெல்லாம் தெரிந்துகொண்டே, உன்னிடம் அந்த வார்த்தையைச் சொன்னேன்.

ஏன் என்றும் சொல்லிவிடுகிறேன். அன்று காலை பத்தே முக்காலுக்கு உன் அம்மா எனக்கு போன் செய்திருக்கிறாள். லிஃப்ட் குழிக்குள் இறங்கும்போது போனை டூல் பாக்ஸில் வைத்துவிட்டுத்தான் இறங்குவேன். பன்னிரண்டு மணிக்கு ஏறி வந்து பார்த்தபோது அவளுடைய மிஸ்டு கால் ஒன்று, உன்னுடையது பதினொன்று. எதற்குக் கூப்பிட்டாள் என்று இனித் தெரியப் போவதில்லை. வரும்போது ஏதாவது வாங்கி வரச் சொல்லக் கூப்பிட்டிருக்கலாம். அவள் கூப்பிட்டது என்னை. கேட்காமல் இருந்தவன் நான். அதைத் தாங்க முடியாமல் உன் தலையில் தூக்கி வைத்தேன். நீயும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் தூக்கிக்கொண்டு மலைக்குப் போய்விட்டாய்.

மன்னித்துவிடு என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அது எனக்குக் கிடைக்கவேண்டும் என்றும் இல்லை. நான் சொன்னது பொய் என்று உனக்குத் தெரியவேண்டும், அவ்வளவுதான்.

அப்பா

மே 25

வாலு,

கம்ப்யூட்டர் நன்றாக ஓடுகிறது. கேட்பதற்குக் கோளாறு எதுவும் இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன்.

மழையில் நிற்பவனை எந்த பட்டனை அமுக்கி நடக்க வைப்பது என்று தெரியவில்லை. பக்கத்தில் ஒரு குடிசை தெரிகிறது, அதற்குள் கொண்டுபோய் விடலாம் என்று பார்த்தேன். தப்பாக எதையாவது அமுக்கி ஏரிக்குள் இறக்கிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. தினமும் காலையில் ஒரு முறை திறந்து பார்த்துவிட்டு மூடிவிடுகிறேன்.

கொஞ்சம் பணம் மிச்சம் இருக்கிறது. கடைக்கார அம்மாவிடம் நல்ல ஹெட்போன் ஒன்று இருக்கிறது, இல்லையென்றால் ஒரு ஜோடி சின்ன ஸ்பீக்கர். இருப்பது ஏதாவது ஒன்றுக்குத்தான் காணும். எனக்கு இரண்டும் வேண்டாம். நீ எப்போதாவது வந்தால் உனக்கு வேண்டியிருக்குமே என்று கேட்கிறேன். ஹெட்போனே வாங்கிவிடட்டுமா? இது கம்ப்யூட்டரைப் பற்றிய கேள்விதான்.

அப்பா

ஜூன் 12

அப்பா,

நாலு லாரியைப் பதில் இல்லாமல் அனுப்பினேன். முதல் வாரம் உங்கள் மேல் வந்த கோபத்தில் சாப்பாடு இறங்கவில்லை. மூன்று வருஷம், அப்பா. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் இந்த மலைக்கே வந்திருக்க மாட்டேன். அந்தக் கோபம் இன்னும் போகவில்லை. போகும்போது போகட்டும், நான் அதைப் பிடித்தும் வைக்கவில்லை, விரட்டவும் இல்லை.

நானும் ஒன்றை யாரிடமும் சொல்லவில்லை. அந்த ஏரிக்கரையில் மழைக்கு நடுவே எப்போதாவது ஒரு இடி இடிக்கும். நீங்கள் கேட்டிருப்பீர்கள். அன்றைக்கு எனக்கு ஒரு சத்தம் கேட்டது. இடி என்று நினைத்துவிட்டேன். நன்றாக எடுத்திருக்கிறார்கள், தரையே அதிர்கிற மாதிரி இருக்கிறதே என்றுகூட நினைத்தேன். அது அம்மா விழுந்த சத்தம் என்று பிறகுதான் உறைத்தது. அதனால்தான் நீங்கள் அப்படிச் சொன்னபோது நான் எதிர்த்துப் பேசவில்லை. நீங்கள் சொன்னது சரி என்றே இருந்துவிட்டேன்.

டாக்டர் சொன்னதை இப்போது தினமும் ஒரு முறை எடுத்துப் படிக்கிறேன். முழுக்க நம்ப இன்னும் பழகவில்லை. அக்காவிடம் வாயைத் திறந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கு எவ்வளவு புரிந்தது என்று தெரியாது. என் தட்டில் இன்னொரு கரண்டி வைத்துவிட்டுப் போனார்.

இனி கம்ப்யூட்டர். அந்த மதர்போர்டில் மூன்றாவது ஸ்லாட் கிடையாது. இரண்டுதான் என்று முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தேன். அந்தப் பெட்டியை எத்தனையோ தடவை கழற்றி மாட்டியவள் நான், கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். இல்லாத ஸ்லாட்டில் ரேம் போட்டு அது பீப் பீப் என்று கத்துகிறது என்று படித்தபோதுதான் எல்லாம் புரிந்தது. முப்பத்திரண்டு வருஷம் மோட்டார் ரூமில் இருந்தவருக்கு விசிறி எந்தப் பக்கம் ஊதும் என்று நான் பாடம் எடுத்திருக்கிறேன். அதை நினைத்து மெஸ்ஸில் தனியாகச் சிரித்தேன், அப்புறம் எழுந்து வெளியே போய்விட்டேன். படம் வந்ததுமே கோளாறு தீர்ந்துவிட்டது, கேட்க ஒன்றும் இல்லாமல் போய்விட்டது, அதனால் இல்லாத கோளாறு ஒன்றை நீங்களே உண்டாக்கி எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் பதில் எழுத ஏதாவது வேண்டியிருந்தது. அதனால்தான் கழற்றச் சொல்லி எழுதினேன்.

மழையில் நிற்பவனை நகர்த்த வேண்டாம். குடிசைக்குள் போக ஏரியைச் சுற்றிக்கொண்டு போகவேண்டும், நீங்கள் நிச்சயம் தண்ணீருக்குள்தான் இறக்குவீர்கள். அடுத்த மாதம் இருபதாம் தேதி எனக்குப் பத்து நாள் லீவு. வந்து நானே கொண்டுபோய் விடுகிறேன். பத்து நாளும் அங்கே இருப்பேனா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. வருவேன். உங்களுக்கு இடுப்பு பிடித்திருக்கிறது, பஸ் ஸ்டாண்டுக்கு வர வேண்டாம்.

ஹெட்போன் வாங்காதீர்கள். ஸ்பீக்கர் வாங்குங்கள். நான் விளையாடும்போது நீங்கள் கூப்பிட்டால் எனக்குக் கேட்க வேண்டும்.